ஒன்பது நைலான் கட்டைகள்

அறிவுச் சோதனை என்பது லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிற மாதிரி ஒரு விஷயம் என்று நான் நம்பினேன். ஒரு டிப்ளமோவும் இருபத்து மூன்று வருஷ அனுபவமும் உள்ள, நாற்பத்தேழு வயது ஆள் எவ்வளவு உறுதியாக நம்ப முடியுமோ அவ்வளவு உறுதியாக நம்பினேன். மைதானத்தில் எட்டு எங்கே வளைகிறது, எந்த இடத்தில் கால் ஊன்றக் கூடாது என்று தெரிந்தால் போதும். ரோட்டில் ஓட்ட வருமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நானே அப்படி லைசென்ஸ் வாங்கியவன்தான். வாங்கிய மறுநாள் மேனாம்பேட்டில் ஒரு தக்காளி வண்டியின் மேல் விட்டேன். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்கலாம். தக்காளிக்காரரிடம் பேரம் பேசுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

சோதனை எனக்கில்லை, என் மகளுக்கு. அப்போதுதான் பத்தாம் வகுப்பு தொடங்கியிருந்தாள்.

அவள் பேசுவதைக் கேட்டால் எந்தக் குறையும் தெரியாது. பார்த்த படத்தை எல்லார் குரலிலும் நடித்துக் காட்டுவாள், கதவு சாத்தும் சத்தம் உட்பட. எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடிக்காரர்கள் போனில் போடும் சண்டையை ஒரு வரி விடாமல் ஒப்பிப்பாள். ஆனால் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் அரை மணி நேரம் ஆகும். எழுத்துகள் இடம் மாறிவிடும். ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டு, திரும்பி வர வழி தெரியாமல் விரலை வைத்துக்கொண்டு நிற்பாள். ஆசிரியர்கள் அதைக் கவனக்குறைவு என்றார்கள். நான் சோம்பல் என்றேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல், ஐந்தாம் வகுப்பிலிருந்தே பாடத்தையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டி, காதாலேயே அவளைத் தேற வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அம்மாவும் மகளும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்தேன். ஒருநாள் கதவைத் திறந்து, இந்த வீட்டில் டிவி பார்க்க விடமாட்டீர்களா என்று கேட்டும் இருக்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை நிதானமாகத்தான் பேசினார். பெண்ணுக்குப் பாடம் தெரிகிறது, வாசிக்கத்தான் வரவில்லை, இது வேறு ஏதோ என்றார். முறைப்படி ஒரு உளவியலாளரிடம் சோதித்து அறிக்கை வாங்கி வந்தால் பொதுத்தேர்வில் சலுகைக்கு எழுதிப் போடலாம். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தருவார்கள். கேள்வித்தாளை ஒருவர் வாசித்துக் காட்டுவார். இவள் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதுவார். ஆகஸ்ட் முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அறிக்கையில் முதலில் அறிவுத்திறன் அளவு இருக்கும், பிறகு வாசிப்பு நிலை இருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும்.

இவ்வளவும் அவர் சொன்னது. என் மனைவி இவ்வளவையும் கேட்டாள். என் காதில் விழுந்தது "அறிவுத்திறன் அளவு" மட்டும்.

அம்பத்தூரிலிருந்து வீட்டுக்கு வரும் ஷேர் ஆட்டோவில், பதினெட்டு நிமிஷத்தில், என் மகளுடைய முழு வாழ்க்கையையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். மந்தம் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை குத்தித் தருகிறார்கள். அந்தத் தாள் எப்படியோ விருதுநகரில் என் பெரியப்பா வீட்டுக்குப் போய்விடுகிறது. எப்படிப் போகும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் அதை மேஜையில் எடுத்து வைக்கிறார்கள். நான் அழுகிறேன். ஆட்டோவில் உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. எதிரில் இருந்த பெண்மணி, புகை ஒத்துக்கலையா சார், உள்ளே தள்ளி உட்காருங்க என்றார்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில், போனில் கிடைத்த ஒரு அறிவுச் சோதனையை நானே எழுதிப் பார்த்தேன். நூற்று முப்பத்தெட்டு என்று வந்தது. மேதை என்று இங்கிலீஷில் ஒரு பட்டமும், கூடவே ஒரு விளம்பரமும் வந்தன. கேன்டீனில் எல்லாருக்கும் காட்டினேன். எங்கள் மில்லிங் மெஷின் ஓட்டுகிறவர் போனை வாங்கி, கேள்வியைப் பார்க்காமலே கட்டை விரலால் தட்டிக்கொண்டே போனார். அவருக்கு நூற்று நாற்பத்தொன்று வந்தது. "இன்னா அண்ணாத்தே, உன்கிட்ட நான் சம்பளம் கேக்கணுமா, நீ என்கிட்ட கேக்கணுமா" என்றார்.

இந்த மில்லிங்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். திருமழிசை தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி வால்வு உதிரிபாகங்கள் செய்கிறது. அவர் செய்வார், நான் அளப்பேன். என் வேலை தரப் பரிசோதனை. மைக்ரோமீட்டரும் கேஜும்தான் என் சட்டைப்பை. அளக்கப் போகும் பீஸை யாராவது கடைசி நேரத்தில் தேய்க்கிற எமரித் தாளால் ஒரு இழுப்பு இழுத்துக் கொண்டுவந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மெஷின் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அளக்கிறேன், உன் கை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள இல்லை என்று கத்துவேன். ஷாப்பில் இதற்கு என்னை மாதிரியே பேசிக் காட்டுகிறவர்கள் நாலு பேர் உண்டு.

அதே நான், வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தரத்தைச் சோதிக்க ஆடிட்டர் வரும் நாளில் வேறு ஆள். முதல் நாளே ஐந்து பீஸை எடுத்து, பிசிர் நீக்கி, துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு நீல ட்ரேயில் அடுக்கி வைப்பேன். ஆடிட்டர் வருவார், அந்த ஐந்தை அளப்பார், டீ குடிப்பார், போவார். எங்கள் பேட்டையில் இதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. விருந்தாளி வந்தால் வீட்டைக் கூட்டி வைப்பது மாதிரி. அந்த ட்ரேக்குப் பொறுப்பு நான். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு ஆடிட்டும் என் ட்ரேயில் தோற்றதில்லை.

உளவியலாளரின் இடம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. முதல் நாள் பேச்சு மட்டும்தான். குழந்தை எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். என்னைவிட வயதில் சின்னப் பெண்மணி, கண்ணாடி போட்டவர், சிரிக்க வைக்க நான் சொன்ன மூன்று விஷயங்களுக்கும் சிரிக்காதவர். மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார். கிளம்பும்போது, "வீட்ல எதுவும் தயார் பண்ண வேண்டாம். நல்லாத் தூங்கி, சாப்பிட்டு வரட்டும். அது போதும்" என்றார்.

கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்பார்களே, அதை எப்படிக் கேட்டுக்கொள்வோமோ அப்படித்தான் நான் இதையும் கேட்டுக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் ஒரு அம்மா தன் பிள்ளையின் சோதனை முடிவதற்காகக் காத்திருந்தார். மனைவியும் மகளும் கீழே இறங்கிப் போன பிறகு, பரீட்சை ஹால் வாசலில் நிற்கும் தகப்பன்களுக்கே உரிய குரலில், உள்ளே என்னதான் கேட்பார்கள் என்று விசாரித்தேன். அவருடைய பெரிய பெண்ணுக்குப் போன வருஷமே நடந்ததாம். கையாலேயே படம் வரைந்து சொன்னார். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் இருக்கும். சில பக்கம் முழுச் சிவப்பு, சில பக்கம் முழு வெள்ளை, சில பக்கம் குறுக்கே பாதிப் பாதி. அட்டையில் ஒரு டிசைன் காட்டுவார்கள், அதே மாதிரி அடுக்க வேண்டும், நேரம் பார்ப்பார்கள். எண்களைச் சொல்வார்கள், தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பொருளைச் சொல்லி என்ன ஒற்றுமை என்று கேட்பார்கள்.

பஸ் ஸ்டாப்புக்கு இறங்கி வரும்போது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. எட்டு எங்கே வளைகிறது என்று தெரிந்துவிட்டது.

கம்பெனியில் வெட்டி மிஞ்சிய வெள்ளை நைலான் துண்டை எடுத்துக்கொண்டு மில்லிங்காரரிடம் போனேன். இருபத்தைந்து மில்லி கனசதுரம், ஒன்பது எண்ணம். "இன்னாத்துக்கு இது? தாயக்கட்டையா?" என்றார். பெண்ணுக்குப் பள்ளிக்கூட வேலை என்றேன். டாலரன்ஸ் எவ்வளவு, எத்தனை மில்லி பிசகலாம் என்று கேட்டார், பழக்க தோஷம். பாயின்ட் பூஜ்யம் ஐந்து என்றேன், எனக்கும் பழக்க தோஷம். செய்து தந்தார். ஓரங்களையெல்லாம் நானே உட்கார்ந்து மழுக்கினேன், பிள்ளை விரலில் குத்தக் கூடாது என்று. கம்பெனியில் பைப்புக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்டை டேப் ஒட்டி நேர்கோட்டில் அடித்தேன். நான் என் வாழ்நாளில் செய்த மிகச் சுத்தமான வேலை அது.

எனக்குக் காலை ஷிப்ட். ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பேன். மனைவி ஆவடியில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ரயில் பிடித்து அவள் வந்து சேர ஆறே முக்கால் ஆகும். இடையில் ஒன்றே முக்கால் மணி நேரம். சாப்பாட்டு மேஜையில் கட்டைகளைக் கொட்டி, போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைப்பேன். ஆறரைக்குக் கட்டைகள் என் லஞ்ச் பைக்குள் போய்விடும்.

முதல் இரண்டு நாள் அவளுக்கு விளையாட்டு மாதிரி இருந்தது. நான்தான் தாளில் டிசைன் வரைந்து காட்டுவேன். நாலாவது டிசைனை நான் வரைந்துவிட்டேனே தவிர, அதைக் கட்டையில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்கே தெரியவில்லை. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்து வாங்கி ஒரே பார்வையில் அடுக்கிவிட்டு, அப்பா, நீங்க டிசைனைப் பாக்காம கோட்டைப் பாக்கறீங்க என்றாள். கண்ணெதிரில் நடந்த சோதனை அது. எட்டிப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேனே தவிர, எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பத்தொன்பது நொடி. பதினைந்துக்குள் வரணும் என்றேன்.

எண்களுக்கு பால்கனி. தெருவில் போகும் வண்டியின் நம்பரை நான் சொல்வேன், அவள் தலைகீழாகச் சொல்வாள். எழுத்தைப் பார்க்க வேண்டாம், காதில் விழுந்தால் போதும் என்பதால் அதில் அவள் ராணி. எதிர் வீட்டுக்காரர் புது பைக் வாங்கியபோது அவருடைய நம்பரைத் தலைகீழாகச் சொல்லித்தான் வாழ்த்தினாள். ஒற்றுமைகளுக்கு நான் ஒரு நோட்டு போட்டு அறுபது ஜோடி எழுதினேன். அவளால் அதை வாசிக்க முடியாது என்பதால் நானே வாசித்தேன். வாசிக்க வராத பெண்ணுக்கு நோட்டு எழுதித் தருகிறோமே என்று அறுபதாவது ஜோடிக்குப் பிறகுதான் தோன்றியது. அப்போதும் சிரித்தேன்.

இரண்டாவது வாரம் ஒருநாள் கட்டைகளை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"நான் மக்கான்னு கண்டுபுடிக்கத்தான் அங்க போறமாப்பா?"

"அப்படின்னா முதல்ல உங்கப்பனுக்குத்தான் டெஸ்ட் வைப்பாங்க."

சிரித்தாள். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி. அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. இல்லை என்ற ஒரு சொல்லைத்தான் அவள் கேட்டாள். அது என் வாயில் வரவில்லை, ஏனென்றால் எனக்கே பயமாக இருந்தது.

மூன்றாவது வாரம் நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். இரண்டு நொடி அதிகமானாலும் மேஜையைத் தட்டினேன். அவள் விரல் நகத்தைக் கடிக்கத் தொடங்கினாள். சோதனைக்கு முதல் நாள் சாயங்காலம், யார் கேட்டாலும் இதெல்லாம் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடு என்றேன். அம்மாவிடமும்தான். பொய் சொல்லணுமா என்றாள். பொய் இல்லை, சும்மா இருப்பது என்றேன். அவள் ஒரு கட்டையை எடுத்து, மழுக்கிய ஓரத்தைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். சரி என்றாள்.

சோதனை நாளன்று காலை பத்து மணிக்கு உள்ளே போனாள். மனைவியும் நானும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கீழே கண்ணாடிக் கடையில் யாருக்கோ எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனைவி கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு ஜெபமெல்லாம் தேவைப்படவில்லை. நீல ட்ரே தயாராக இருந்தது.

இரண்டரை மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். நாற்பது நிமிஷத்தில் கதவு திறந்தது. உளவியலாளர் எங்கள் இருவரையும் உள்ளே வரச் சொன்னார். மகளை வெளியே அவருடைய உதவியாளரோடு உட்கார வைத்தார்கள். எங்களைத் தாண்டிப் போகும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேஜையில் அவர்களுடைய கட்டைகள் இருந்தன. என்னுடையதைவிடப் பழையவை, பெயின்ட் உரிந்தவை. உளவியலாளர் குரலை உயர்த்தவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். அட்டையை வைத்து முடிப்பதற்குள் பெண்ணின் கை ஓடியது. கட்டையைப் பார்க்கவே இல்லை, சரியான பக்கத்தை விரலே தேடியது. அடுத்து எண்கள். திருப்பிச் சொல்ல வேண்டும் என்று இவர் விளக்குவதற்கு முன்பே திருப்பிச் சொன்னாள். இதற்கு முன்பு எங்கேயாவது செய்திருக்கிறாயா என்று கேட்டாராம். இல்லை என்றாளாம். சரி என்று மேலே போயிருக்கிறார். அப்போது இவளாகவே ஒரு கட்டையைக் கையில் எடுத்து, ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம்.

"எங்கப்பா செஞ்சது இதைவிட நல்லாருக்கும் மேடம். ஓரம் குத்தாது."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அழத் தொடங்கியிருக்கிறாள். அதோடு நிறுத்திவிட்டேன் என்றார் உளவியலாளர்.

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆகிப் பதினேழு வருஷத்தில் என்னென்னவோ பார்வையெல்லாம் வாங்கியிருக்கிறேன். இது வேறு. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

நான் என்ன செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஜோக் அடித்தேன். டாலரன்ஸ் பாயின்ட் பூஜ்யம் ஐந்துதான் மேடம், வேணும்னா உங்களுக்கும் ஒரு செட் செய்து தரேன் என்றேன். 

பிறகு கெஞ்சினேன். கட்டையை விட்டுவிட்டு மற்றதைச் சோதிக்கக் கூடாதா, வேறு சோதனை இல்லையா, என் தப்புக்குப் பெண்ணை ஏன் தண்டிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். வேறு சோதனைகள் உண்டு, அவற்றிலும் இதே மாதிரிப் பகுதிகள் வரும், நீங்கள் எல்லாவற்றையும் மூன்று வாரம் பழக்கிவிட்டீர்கள். இன்று வந்த எண்களை எழுதினால் அது உங்கள் மகளுடைய அளவு இல்லை. எழுதாவிட்டால் அறிக்கை இல்லை. பழகியது மறக்க வேண்டும், அதற்கு ஒரு வருஷம் விடுவதுதான் எங்கள் முறை.

"ஆகஸ்டுக்குள்ள வேணுமே மேடம்" என்றாள் என் மனைவி. அவள் அங்கே பேசியது அது ஒன்றுதான்.

"தெரியும்மா. நீங்க முதல் நாளே சொன்னீங்க."

கிளம்பும்போது அந்தக் கட்டைகளைக் கொண்டுவந்து தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார். மறுநாள் ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் கொண்டுபோனேன். எண்ணினார். ஒன்பதையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பூட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் எடுத்து விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். 

அண்ணா நகரில் வேறொரு இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு அந்த வாரமே போனோம். நுழைந்ததும் ஒரு படிவம் தந்தார்கள். கடந்த ஒரு வருஷத்தில் குழந்தைக்கு இத்தகைய சோதனை நடந்திருக்கிறதா, ஆம் அல்லது இல்லை. பேனா என் கையில் இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளால் அந்தக் கேள்வியை வாசிக்க முடியாது, ஆனால் என் கை நின்றுவிட்டதைப் பார்த்தாள். மனைவி என் விரல்களிலிருந்து பேனாவை எடுத்து, ஆம் என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"இன்னொரு தடவை இவளைப் பொய் சொல்ல வைக்க விட மாட்டேங்க."

அங்கேயும் ஒரு வருஷம் என்றுதான் சொன்னார்கள். ஆகஸ்ட் முடிந்தது.

மில்லிங்காரர் ஒருநாள், பொண்ணுக்குப் பள்ளிக்கூட வேலை முடிஞ்சுதா என்று கேட்டார். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஜோக்காவது அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், நான் அதற்குத் தயாராகக்கூட இருந்தேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தார்.

"அளக்கப் போற பீஸ்ல கைய வெக்காதேன்னு எங்க கைலதான சொல்லிகினு இருந்த, அண்ணாத்தே" என்றார். பிறகு, "நீ முன்னயே இன்னாத்துக்குன்னு சொல்லிருந்தா நான் அத செஞ்சே குட்த்திருக்க மாட்டேன்" என்று சொல்லி மெஷினைப் போட்டுவிட்டார்.

அந்த வருஷம் முழுக்க மனைவி வாசித்துக் காட்டினாள், மகள் கேட்டாள். பக்கத்து அறையில் நான் டிவி போடவில்லை. சில நாள் மனைவிக்குத் தொண்டை கட்டிவிடும், அப்போது நான் வாசிக்கப் போவேன். அப்பா வேண்டாம் என்று மகள் சொல்ல மாட்டாள். ஆனால் நான் வாசிக்கும்போது நகத்தைக் கடிப்பாள். என் குரலுக்கும் அந்த ஸ்டாப்வாட்சுக்கும் அவளுக்குள் ஏதோ ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு பாடம் முடிவதற்குள் நானே ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து வந்துவிடுவேன்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. சமூக அறிவியல் தேர்வு முடிந்து வாசலுக்கு வந்தவளிடம் மற்ற தகப்பன்களைப் போல நான் எதுவும் விசாரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினேன். குடித்துவிட்டு அவளாகவே சொன்னாள்.

"எல்லாம் தெரிஞ்சதுதாம்பா. வாசிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

எது வரைக்கும் வந்தாய் என்று கேட்டேன். பெரிய கேள்விகள் ஒன்றையும் தொடவில்லை. ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வரும் வழியில், தொடாத கேள்விகளுக்கு என்ன பதில் என்று வாயாலேயே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். மண் வகைகள், காடுகள், போர்கள், வரிசையாக, தேதி தவறாமல். மார்க் போடுகிறவர் யாரும் அந்த ஆட்டோவில் இல்லை. எதிரில் இருந்த ஒரு கல்லூரிப் பெண், டீச்சரா வருவ நீ என்றாள்.

மே மாதம் முடிவு வந்தது. கணிதத்திலும் அறிவியலிலும் தேறியிருந்தாள். தமிழ், இங்கிலீஷ், சமூக அறிவியல் மூன்றும் போயிருந்தன. ஜூலையில் துணைத்தேர்வு எழுதினாள். அப்போதும் ஒரு வருஷம் முடியவில்லை, அறிக்கை இல்லை, சலுகை இல்லை. மூன்றும் மறுபடி போயின.

ஜூலைக் கடைசியில் அதே மாடிக்கு மறுபடி போனோம். மகள் உள்ளே போனாள். இந்த முறை இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் கீழே கண்ணாடிக் கடை வாசலில் நின்றுகொண்டேன், மேலே ஏறவில்லை. ஏற வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முடிந்து வந்தவளிடம் கட்டையெல்லாம் எப்படி என்று மனைவி கேட்டாள். புதுக் கட்டை வாங்கியிருக்காங்க என்று மட்டும் சொன்னாள்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. அறிவுத்திறன் சராசரிக்கு மேல். கட்டை அடுக்கும் பகுதியில்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகம். வாசிப்பு மூன்றாம் வகுப்பு அளவில். கற்றல் குறைபாடு என்று எழுதி, கூடுதல் நேரமும் வாசிப்பவரும் எழுதுபவரும் தேவை என்று பரிந்துரைத்திருந்தார்கள். ஆகஸ்டில் விண்ணப்பம் போனது. சலுகை கிடைத்தது.

அவளோடு படித்தவர்கள் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறார்கள். அவள் வீட்டில் இருந்து, மூன்று பாடங்களை மறுபடி எழுதுவதற்காக, அம்மா வாசிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.